பதினான்கு மாடியில் முதலில் செத்தது

பெனடிக்டாவிடம் பாடம் கேட்க வந்தபோது தணிகாசலத்துக்கு ஐம்பத்துநான்கு வயது. பெனடிக்டாவுக்கு நாற்பத்துமூன்று.

தணிகாசலம் முப்பது வருடம் பாலம் கட்டிய பொறியாளர். பாலத்தின் மேல் ஆட்கள் போவார்கள், வருவார்கள். யாரும் தங்க மாட்டார்கள். ஆட்கள் தங்குகிற ஒன்றைக் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பெனடிக்டா அடுக்குமாடிகளை வரைபவர். கொஞ்ச காலம் கல்லூரியில் கற்பித்ததால் அலுவலகத்தில் எல்லோருக்கும் டீச்சர். தன்னைவிடப் பதினோரு வயது சின்னவர் என்றாலும் தணிகாசலமும் அப்படியேதான் கூப்பிட்டார்.

தணிகாசலத்தின் கையில் அப்போது ஒரு பெரிய வேலை இருந்தது. துறைமுகத்தின் பக்கத்தில் பழைய குடியிருப்பு ஒன்றை இடித்துவிட்டார்கள். அதில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் தகரக் கொட்டகையில் காத்திருந்தன. அவர்களுக்காகப் பதினாறு மாடி. வெயிலில் மின்சாரம், மழைநீர்த் தொட்டி, கழிவுநீரைச் சுத்தம் செய்து செடிக்கு விடும் அறை, எல்லாவற்றையும் நான்கு மாதம் உட்கார்ந்து வரைந்திருந்தார். லிப்ட்கூட ஒற்றைப்படை மாடிகளில் நிற்காது. இரட்டைப்படையில் மட்டும் நின்றால் மின்சாரம் நன்றாக மிச்சமாகும். அந்த யோசனை டீச்சருடைய பழைய கட்டடம் ஒன்றிலிருந்து எடுத்தது. அந்தக் கட்டடத்துக்கு விருது கிடைத்திருந்தது.

படங்களை அனுப்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தணிகாசலத்துக்கு ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை.

"டீச்சர், பாலத்துல முதல்ல எது போகும்னு எனக்குத் தெரியும். இந்த மாதிரி கட்டடத்துல முதல்ல எது சாகும்?"

டீச்சர் யோசித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"நெய்தல் குடியிருப்பு. பதினொண்ணாவது மாடில ஒரு வீடு காலியா இருக்கு. பத்து நாள் இருந்துட்டு வாங்க சார்."

"அது நீங்க வரைஞ்சதாச்சே. விருது வாங்கினது."

"அதேதான்."

தணிகாசலம் பெட்டியும் பாயும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு போனார். லிப்ட் அவரைப் பத்தாவது மாடியில் இறக்கிவிட்டது. மேலே ஒரு மாடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மூச்சு வாங்கியது. 'நல்ல உடற்பயிற்சி' என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து ஆராய்ச்சி ஆரம்பமானது. மொட்டைமாடித் தோட்டத்தில் தொட்டிகள் இருந்தன, செடி இல்லை. சூரியத் தகடுகளில் பாதி புறாக்களுக்குக் கூரையாகியிருந்தது. கழிவுநீர் அறையைத் திறந்தால் உள்ளே ஓர் இட்லி வண்டி நின்றது.

"இது என் வண்டி சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான்காவது மாடி தெய்வானை. "வேற எங்க வுட்றது? பழைய எடத்துல வாசல்லயே வச்சிருந்தேன். இங்க வண்டி வுட எடமே வைக்கல."

"இந்த மிஷின் எப்பம்மா நின்னுச்சு?"

"அது நின்ன பின்னாடிதான் நான் வண்டிய வுட்டேன். மூணாவது வருசம் இருக்கும்."

அவர் நோட்டில் எழுதினார். கழிவுநீர்: மூன்றாம் வருடம். தோட்டம் அதற்கும் முன்பே, இரண்டாம் வருடம் போயிருந்தது. குடியிருப்போர் கூட்டம் என்று ஒன்று நடந்திருக்கிறது. அது எட்டாம் மாதமே நின்றுவிட்டது. ஒவ்வொன்றாகப் பின்னால் போகப் போக அவருக்கு உற்சாகம் ஏறியது. அந்தக் கட்டடத்தில் ஐம்பத்தாறு வீடுகள். அவர் மாடிப்படியில் பார்த்தவர்களிடம் மட்டும் கேட்டார். யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. தேவைப்படவில்லை.

ஆறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குழாயைத் திறந்தார். காற்று வந்தது.

எதிர்வீட்டு பர்வீன் ஏற்கெனவே வெளியே வந்து நின்றார். பள்ளிச் சீருடை தைக்கிற அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"உங்க வீட்லயும் வரலியா?"

"இல்லீங்க. பம்பு ரூமைப் பார்த்தா தெரிஞ்சிடும். சாவி யார்கிட்ட இருக்கு?"

பர்வீன் அவரை வியப்பாகப் பார்த்தார். "பம்பு ரூமா? அது எங்க இருக்கு?"

தரைக்குக் கீழே, வண்டி நிறுத்துமிடத்தின் கடைசியில் இருந்தது. இரும்புக் கதவு. பம்பு தானே ஓடும், தானே நிற்கும். அதனால் வருடக்கணக்காக அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. உடைக்கலாம் என்றால் வெல்டிங் பட்டறை ஞாயிற்றுக்கிழமை லீவு. சாவி குடியிருப்போர் சங்கத்துச் செகரட்டரி எத்திராஜுலுவிடம் இருந்ததாம். அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆவடிப் பக்கம் போய் நாலைந்து வருடம் ஆகிறது. போன் நம்பரும் மாறிவிட்டது. போகிறபோது சாவியை யாரிடமோ கொடுத்திருக்கிறார்.

"யார்கிட்ட?"

யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப ஒவ்வொரு வீடா கேட்க வேண்டியதுதான்," என்றார் தணிகாசலம்.

பதினொன்றாவது மாடியிலிருந்து ஆரம்பித்தார்கள். தன் மாடியில் உள்ள மற்ற இரண்டு வீட்டுக்காரர்களின் பெயர் பர்வீனுக்கே அன்றுதான் தெரிந்தது. பன்னிரண்டாவது மாடியில் ஒரு கதவைத் தட்டியபோது ஒரு பெண் பாதி திறந்தாள். கண்ணெல்லாம் வீங்கி இருந்தது. உள்ளே ஒரு பச்சைக் குழந்தை அழுதது.

"சாவி இல்லீங்க. தண்ணி எப்ப வரும்? துணி அலசக்கூட இல்ல."

"குழந்தை எத்தனை நாள்?" என்றார் பர்வீன்.

"எட்டு நாள்."

"எட்டு நாளா? நம்ம பில்டிங்லயா?"

பர்வீன் அதற்குப் பிறகு சாவி தேட வரவில்லை. அந்த வீட்டுக்குள் போய்விட்டார்.

தணிகாசலம் தனியாக மேலே பதினான்கு வரை போய், பத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டு வந்தார். எல்லாக் கதவும் திறந்தது. சிலர் முதலில் சங்கிலியை மாட்டிக்கொண்டு பார்த்தார்கள், பிறகு கழற்றினார்கள். ஒருவர் காபி சாப்பிடச் சொன்னார். ஏழாவது மாடியில் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்றவள் மேலே இருக்கிறாள் என்று கேட்டதும் அந்த வீட்டுக்காரரும் மைத்துனரும் ஒரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்கள். சாவி யாரிடமும் இல்லை. ஆனால் கதவைத் திறந்தவர்கள் திரும்பப் பூட்டிக்கொள்ளாமல் அவர் பின்னாலேயே இறங்கினார்கள். மூன்றாவது மாடிக்கு வரும்போது படிக்கட்டு நிறைய ஆட்கள்.

மூன்றாவது மாடியில் இரண்டாவது கதவு திறக்க நேரமாயிற்று. உள்ளே ஏதோ நகரும் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றார். வலது முழங்கால் வீங்கியிருந்தது.

"பம்பு ரூம் சாவியாம்மா? இங்க இருக்கான்னு..."

"இருங்க."

உள்ளே போய்த் திரும்பி வந்தார். சாவியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பிரித்தால் எண்ணெய் மினுமினுத்தது.

"செகரட்டரி எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டுப் போனார். இவர் தவறி நாலு வருஷம் ஆகுது. துருப் பிடிக்கக்கூடாதேன்னு அப்பப்ப எண்ணெய் போட்டு வைப்பேன். யாராச்சும் வந்து கேப்பாங்கன்னு இருந்தேன்."

"நீங்க சொல்லியிருக்கலாமேம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"யார்கிட்ட சொல்றது? லிப்டு இங்க நிக்காது. படி இறங்க என்னால முடியாது."

தணிகாசலம் தன் நோட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பம்பில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. தொட்டி நிறைந்ததும் பம்பை நிறுத்துகிற மிதவை சிக்கிக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் சரி செய்துவிட்டார். மோட்டார் உறுமியது. கைதட்டினார்கள். அவருக்குப் பாலம் திறந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அங்கே மந்திரிதான் கைதட்டு வாங்குவார்.

வெளியே வந்து பார்த்தால் வாசலில் இன்னொரு கூட்டம். நான்கு பேர் சேர்ந்து மூன்றாவது மாடி அம்மாளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். அவர் பெயர் சந்திரோதயம் என்று இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெய்வானை வண்டியை வெளியே இழுத்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். சந்திரோதயம் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதிர்ல புளிய மரம் இருந்துச்சே, எங்க?"

"அதை வெட்டி ரெண்டு வருசம் ஆகுதும்மா."

"யாரும் சொல்லலியே."

சாவியை இனி யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. தணிகாசலம் அதை வாசலிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் மாட்டலாம் என்றார்.

"எங்கிட்டயே இருக்கட்டும்," என்றார் சந்திரோதயம். "ஆனா லிப்டு மூணுல நிக்கணும். இல்லன்னா நான் குடுக்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மதியம் நோட்டில் லிப்ட் என்று எழுதினார். எந்த வருடம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அது முதல் நாளிலிருந்தே நிற்காத லிப்ட்.

பதினோராவது நாள் காலை அலுவலகத்துக்கு வந்தார். மறுநாள் படங்கள் போக வேண்டும். பெரிய மேசையில் கட்டுக் கட்டாகத் தயாராக இருந்தன. டீச்சர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் நடந்ததை எல்லாம் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசவில்லை. குழந்தையின் வீட்டைச் சொன்னபோது மட்டும், "எந்த மாடி?" என்று கேட்டார். சந்திரோதயத்தைப் பற்றிச் சொன்னபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"முதல்ல செத்தது லிப்டு டீச்சர். அந்தம்மா மாதிரி இறங்க முடியாதவங்க ஒவ்வொரு ஒற்றை மாடியிலயும் இருக்காங்க. அவங்க வராததால கூட்டம் செத்துச்சு. கூட்டம் இல்லாததால தோட்டம். அப்புறம் கழிவுநீர். எல்லாத்தையும் வருஷம் போட்டு எழுதியிருக்கேன்."

நோட்டை நீட்டினார். டீச்சர் வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

"ராத்திரியே உட்கார்ந்து நம்ம படத்தைத் திருத்திட்டேன்," என்றார் தணிகாசலம். குரலில் சந்தோஷம் தெரிந்தது. "லிப்டு எல்லா மாடியிலயும் நிக்கும். பம்பு ரூமை வாசலுக்குக் கொண்டு வந்துட்டேன். தள்ளுவண்டி வைக்க இடம் விட்டிருக்கேன். இனி குறையே இல்ல."

டீச்சர் நோட்டை மூடினார்.

"எத்தனை கதவு தட்டினீங்க சார்?"

அவர் மனசுக்குள் எண்ணினார். "நாப்பத்திநாலு."

"திறக்காத கதவு உண்டா?"

"ஒண்ணுகூட இல்ல டீச்சர்."

டீச்சர் எழுந்து ஜன்னலருகே போனார். கீழே ரோட்டுக்கு அந்தப் பக்கம், காத்திருக்கும் குடும்பங்களின் தகரக் கொட்டகைகள் வரிசையாகத் தெரிந்தன. யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

தணிகாசலம் தயங்கிக் கேட்டார். "அப்ப படத்தை நாளைக்கு அனுப்பிடலாமா?"

டீச்சர் திரும்பினார்.

"நெய்தலை வரைய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு சார். அந்த ரெண்டு வருஷத்துல, அங்க குடிவரப் போறவங்க கதவு ஒண்ணைக்கூட நான் தட்டலை. நீங்க எழுதியிருக்கிறதெல்லாம் அதுக்கப்புறம் செத்தது."