தலையில்லாமல் படியேறியவர்

கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கான்கிரீட் ஊற்றுவதற்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கும் ஆறுச்சாமி, மாடிப்படிக்கு மேலே குறுக்கே வரும் பீமுக்கு மட்டும் பலகை அடிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

ஆர்க்கிடெக்ட் ரகோத்தமன் பாய்ந்து வந்தார். "கம்ப்யூட்டர் மாடல்ல இருக்கறதை இன்னைக்கே அப்படியே கட்டணும். இல்லேன்னா வேற ஆளைப் போடுவேன்!"

"கட்டிடறேனுங்க. அந்த மாடலை ஒருக்கா காட்டுங்க."

"பலகை அடிக்கறவனுக்கு மாடல் எதுக்கு?"

"காட்டுங்களேன்" என்றார் ஆஸ்பத்திரி கட்டும் டாக்டரம்மா.

சைட் ஆபீஸ் டிவியில் கட்டடம் வந்தது.

"இதுல ஆளை நடக்க விடலாமாமே? உங்க உயரத்துக்கு ஒருத்தரைப் படியேத்துங்க சார்" என்றார் ஆறுச்சாமி.

ரகோத்தமன் பெருமையாகத் தன் உருவத்தையே ஏற்றினார். பதினோராம் படியில் அதன் தலை பீமுக்குள் புகுந்து மறைந்தது. முண்டம் மட்டும் மேலே நடந்தது.

"ஐயையோ!" டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

ரகோத்தமன் அவசரமாகத் திரையைச் சுட்டிக்காட்டினார். "இ... இருங்க, பதிமூணாம் படியில தலை வந்துடுச்சு பாருங்க!"

"நீங்க போட்டது கம்ப்யூட்டர் பீமுங்க சார், வழி விட்டிருச்சு" என்றார் ஆறுச்சாமி. "நான் போடறது கான்கிரீட்டுங்க."