கடல் பக்கம்

"அந்தப் பிள்ளை நம்ம ஆட்டத்துக்குச் சேரமாட்டா" என்றாள் டெல்பின்.

அல்போன்சா பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தின் பின்னால் குத்தவைத்து, சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒரே வயது. ஒரே வருஷம் மாதாமுனைக் கோயிலில் முதல் நற்கருணையாகிய புதுநன்மை வாங்கியவர்கள். பிறகு பதினோரு வருஷம் ஒரே அணியில் கால்பந்து ஆடியவர்கள். டெல்பின் நடுவில் நின்று எல்லாரையும் ஆட்டிவைத்தாள். அல்போன்சா கோலி.

இன்று டெல்பின் ஊர்ப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர். அல்போன்சா பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். ஆனாலும் ஒரு சந்தேகம் வந்தால் டெல்பின் அந்தக் கூடத்துக்குத்தான் வருவாள். அந்தக் காலத்தில் பத்துப் பேர் பந்தைப் பார்த்து ஓடினார்கள். முழு ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டு நின்றவள் அல்போன்சா ஒருத்திதான்.

"நல்லா ஓடுதா. நல்லா அடிக்கா. நான் இல்லேன்னு சொல்லல" என்றாள் டெல்பின். "ஆனா தனியா ஓரத்துல போய் நிக்கா. கையைத் தூக்கித் தூக்கிக் கூப்பிடுதா. யாரும் பந்து குடுக்க மாட்டேங்கா. நம்ம பிள்ளைகள் மேட்டுப் பக்கமாவே தட்டித் தட்டிப் போகும். இவளுக்கு அது வரல."

"பேரு என்ன?"

"பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கம். இங்க வாறதுக்கு முன்னால கடலையே பாத்தது இல்லயாம்."

"எங்க தங்கியிருக்கா?"

"எனக்க வீட்டுலதான். மீன்ல முள்ளு எடுக்கத் தெரியாம, குழம்பை மட்டும் ஊத்தித் தின்னுட்டு எழும்புதா."

அல்போன்சா அண்டாவைக் கவிழ்த்தாள்.

டெல்பின் மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. டவுன் மைதானத்தில். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். அன்றைய ஆட்டத்தைப் பார்த்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்க மெட்ராசிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். பேச்சி ஊரை விட்டு வந்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

தாளில் ஏழாம் எண்ணுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

"நேத்து ராத்திரி அவளே துணிமணியை மடிச்சிப் பையில வச்சிட்டா" என்றாள் டெல்பின். "'நான் கெளம்பட்டுமாக்கா'ன்னு கேட்டா. நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒறக்கமே இல்ல அல்போன்சா. வச்சா ஆட்டம் போகும். எடுத்தா அவ வாழ்க்கை போகும்."

"ஒரு ஆட்டத்துல அவளுக்கு எத்தனை பந்து போகுது?"

"எண்ணலியே."

"எண்ணிட்டு வா."

"இதுக்கா நான் வேகாத வெயில்ல நடந்து வந்தேன்?"

"போகும்போது அந்த வாளியை இப்படித் தள்ளி வச்சிட்டுப் போ."

டெல்பின் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

*

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தாள்.

அல்போன்சா திங்கட்கிழமைச் சமையலுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய அலுமினியத் தாம்பாளம். அதன் குறுக்கே பரப்பிய அரிசி. கோலியாக நின்ற காலத்தில் மடங்கிப்போன சுண்டுவிரல் இன்னும் நிமிரவில்லை. மற்ற விரல்கள் மட்டும் கல்லைத் தேடின.

"எண்ணினேன்" என்றாள் டெல்பின். "நேத்து டவுன் மைதானத்துல வச்சி, ரெண்டு பாதியும் முழுசா ஆடவிட்டு எண்ணினேன். முதல் பாதியில ஒண்ணு கூட இல்ல."

"ரெண்டாவது பாதியில?"

"ஒம்பது."

அல்போன்சா ஒரு கல்லை எடுத்துப் பின்னால் எறிந்தாள்.

"ஒம்பதையும் என்ன செஞ்சா?"

"ரெண்டு கோலு போட்டா. மூணு நல்லபடியா உள்ள அடிச்சிக் குடுத்தா. மத்தது வீண்."

"அவ இடம் எது?"

"வலது ஓரம். ரெண்டு பாதியும் வலது ஓரந்தான்."

"முதல் பாதியில குடுக்காத பிள்ளைகள் ரெண்டாவது பாதியில எதுக்குக் குடுத்தாவ?"

"களைச்சிப் போயிருப்பாளுக. மேட்டுப் பக்கம் தட்டிப் போக மூச்சு இருந்திருக்காது. வேற வழியில்லாமக் குடுத்திருப்பாளுக."

"கேட்டியா?"

"கேட்டேன். 'தெரியல டீச்சர்'னு சொல்லுதாளுக. அதுகளுக்கு என்ன தெரியும்."

அல்போன்சா தாம்பாளத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"மைதானத்தை வரைஞ்சி காட்டு."

"என்னத்துக்கு? நீ பாக்காத மைதானமா?"

"வரை."

டெல்பின் அரிசியில் விரல் வைத்தாள். இந்தக் கோடியில் ஒரு கோல் கோடு இழுத்தாள். அந்தக் கோடியில் ஒன்று. இரண்டையும் சேர்த்து நீளமாக ஒரு கோடு. விரலில் ஒட்டிய அரிசிமாவைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வரைஞ்சாச்சி."

"ஒரு கோடு கொறையுதே."

டெல்பின் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பழக்கம். அந்தப் பக்கம் நாம கோடே போட்டது இல்லியே."

உண்மைதான். தினமும் நாலு மணிக்கு, காயப்போட்ட வலைகளை ஒதுக்கிவிட்டுக் குதிகாலால் மணலில் கோடு இழுப்பார்கள். மூன்று கோடு போதும். நாலாவது பக்கம் கடல். அதற்கு எதிர்ப்பக்கம், மணல் ஏறிப்போகும் மேடு.

"ஒரு நாள் ஒனக்க அம்மை வெளக்குமாறோட வந்தாவளே" என்றாள் அல்போன்சா.

"ஒரு நாளா? பந்தைக் கடல்ல அடிச்சவ நீந்திப் போய் எடுக்கணும்னு சட்டம் போட்டது யாரு? நீதான். நீ கோலி, ஒனக்கு நனையவே வேண்டாம்."

"நீ கேப்டன். நீ வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்."

"பாவாடை தாவணியோட நீந்தணும். கரைக்கு வந்தா பாவாடை கல்லு மாதிரி கனக்கும். அப்படியே வீட்டுக்குப் போனா அடி. அலையில என் கொலுசு ஒண்ணு போச்சி. ஒத்தக் கொலுசோட ஒரு வருஷம் நடந்தேன்."

"அதுக்கப்புறம் நீ ஒரு பந்தைக்கூடக் கடல் பக்கம் அடிக்கல."

"யாருதான் அடிச்சா?"



கடல் பக்கம் அடிப்பது வீட்டில் அடி வாங்குவதற்குச் சமம் என்று ஆனபிறகு பந்து தானாகவே மேட்டுப் பக்கம் போகப் பழகிக்கொண்டது. கிட்டக் கிட்ட நின்று தட்டிக்கொடுப்பார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி நிற்பாள். ஐந்து தட்டு, ஆறு தட்டு, கோல். கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களின் மேல் ஏறி உட்கார்ந்து ஆண்கள் பார்ப்பார்கள். பீடி அணைந்ததுகூடத் தெரியாது அவர்களுக்கு. எந்த ஊருக்குப் போனாலும் மாதாமுனைப் பெண்களின் மேட்டாட்டம் என்று பேர் இருந்தது. பந்து கொஞ்சம் மறுபக்கம் சாய்ந்தால் போதும், நடுவில் நின்று டெல்பின் கத்துவாள், "கடலு, கடலு" என்று. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் மேட்டுப் பக்கம் திரும்புவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வலையை இழுப்பது போலிருக்கும்.

"எவ்வளவு அழகு" என்றாள் டெல்பின்.

"அழகுதான். பதினோரு வருஷம் பின்னால நின்னு பாத்தவ நான்."

"இப்பவும் அப்படியேதான் சொல்லிக்குடுத்து வச்சிருக்கேன். ஒரு தட்டு மாறல. ஆனா இப்பம் எல்லா ஊருக்காரியும் அதைப் படிச்சிட்டா. நாம வாறதுக்கு முன்னாலயே மேட்டுப் பக்கம் வந்து நிக்கா. அதனாலதான் ஓரத்துல ஓடுத ஒருத்தி வேணும்னு இவளைக் கூட்டிட்டு வந்தேன். வந்த இடத்துல சேரமாட்டேங்கா. நான் யாரைச் சொல்ல?"

அல்போன்சா அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பம் ஆடுத பிள்ளைகள்ல யாராவது கடல்ல நீந்திப் பந்து எடுத்திருக்காளா?"

"கரை எங்க இருக்கு நீந்துறதுக்கு? கடல் அரிப்புக்குன்னு கல்லு போட்டு இருபது வருஷம் ஆகப்போகுது. நாம ஆடின இடத்துல இன்னைக்கு ஒரு ஆள் ஒசரத்துக்குத் தண்ணி. இதுகளுக்குக் காலே நனைஞ்சது இல்ல. டவுன் மைதானம் ஒண்ணுதான் தெரியும்."

"அங்க நாலு பக்கமும் கோடு உண்டா?"

"பின்ன? சுண்ணாம்புக் கோடு."

"புல்லுதான?"

"புல்லுதான்."

"பின்ன எதைப் பாத்து அந்தப் பக்கம் போகாம இருக்காளுக?"

டெல்பின் பேச்சை மாற்றுவதுபோல் சொன்னாள்.

"நேத்து ஒரு கூத்து. பந்து அவ பக்கம் சாயுது. நான் வழக்கம்போல 'கடலு'ன்னு ஒரு சத்தம் போட்டேன். நம்ம பிள்ளைகள் டக்குனு திரும்பிட்டாளுக. பேச்சி மட்டும் அப்படியே நின்னு சுத்திமுத்திப் பாக்கா. 'எங்கக்கா கடலு'ன்னு கேக்கா. டவுன்ல, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாளுக."

அல்போன்சா சிரிக்கவில்லை.

"முதல் பாதியிலயா, ரெண்டாவது பாதியிலயா?"

"முதல் பாதியிலதான். பேச்சி எனக்க மூக்குக்கு முன்னாலதான ஓடிட்டுக் கெடந்தா. ரெண்டாவது பாதியில கோலு மாத்தினதும் அவ அந்த ஓரத்துக்குப் போயிட்டா. அங்க சத்தம் போட்டாலும் கேக்காது."

"நீ அவ கூட மாறலியா?"

"நான் எதுக்கு மாறணும்? நான் ஆட்டம் முடியுத வரைக்கும் ஒரே இடம்."

"எந்த இடம்?"

"கோட்டுக்கு வெளியில."

"காட்டு."

டெல்பின் தாம்பாளத்தின் மேல் குனிந்தாள். அந்தக் கோல் கோட்டுக்கும் இந்தக் கோல் கோட்டுக்கும் நடுவில், கோடு இல்லாத பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் அழுத்தினாள்.

"இங்க. எப்பவும் இங்கதான்."

சொல்லிவிட்டு விரலைப் பார்த்தாள்.

மூன்று பக்கம் கோடு இருந்தது. நாலாவது பக்கம், கடல் இருந்த இடத்தில், அவள் விரல் மட்டும் இருந்தது.

விரலை எடுக்கவில்லை.

"அல்போன்சா."

"ம்."

"நான் அந்தப் பிள்ளைகிட்ட, நீ சேரமாட்டேன்னு வாயைத் தொறந்து சொல்லல. ஆனா அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லேன்னா எதுக்குத் துணியை மடிக்கா?"



சமையல்கூடத்துக் கடிகாரத்தில் நாலு இருபது. டெல்பின் விரலை எடுத்தாள். மடியில் தாளை விரித்தாள். ஏழாம் எண்ணுக்கு நேரே பேச்சியம்மாள் என்று எழுதினாள். எழுத்துக் கோணியது. அதன்மேல் இன்னொரு முறை எழுதினாள்.

எழுந்து செருப்பை மாட்டினாள். பத்தடி போனவள் திரும்பி வந்தாள்.

"ஞாயித்துக்கெழமை நான் எங்கட்டி நிக்க?"

"கோலுக்குப் பின்னால வா. நானும் அங்கதான் நிப்பேன்."

"அங்க நின்னு கத்துனா ஒருத்திக்கும் கேக்காதே."

அல்போன்சா தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்து கோடெல்லாம் அழிய ஒரு குலுக்குக் குலுக்கினாள். பிறகு கல் பொறுக்கத் தொடங்கினாள்.