அருவிக்கு முதுகு காட்டியவர்

எண்ணெய் மில்லை மகனிடம் விட்டுவிட்டு மயிலம்மையிடம் சீடராகச் சேர்ந்தவர் நாச்சிமுத்து. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை அண்ணா என்பார்.

அன்று இருவரும் மடுவுக்கரைக்குப் போகும் மலைப் பேருந்தில் இருந்தார்கள். ஆறு மலையைப் பிளந்துகொண்டு விழுகிற பள்ளத்தாக்கு அது. அருவிக்கு எதிரே போய் நிற்கப் பரிசலை விட்டால் வேறு வழி கிடையாது. நாச்சிமுத்து முன்பு வந்தபோதெல்லாம் வெள்ளம் என்று பரிசலை நிறுத்தியிருந்தார்கள். இந்த முறை தண்ணீர் அளவாக இருந்தது. ஆனால் மேலே மழையாம். எந்த நேரமும் நிறுத்திவிடுவார்கள் என்று அடிவாரத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்குத் தாவினார்.

"அதா ஆறு! பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தேங்கண்ணா."

"போச்சு, மறைஞ்சு போச்சு. இல்லீங்க, இந்தப் பக்கம் வந்துருச்சு!"

கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "பெரியவரே, ஒரு எடத்துல உக்காருங்க. ஆறு எங்கயும் ஓடிப் போயிடாது."

"அது ஓடிட்டுத்தானுங்களே இருக்குது!" என்றார் நாச்சிமுத்து. பேருந்தே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டார்.

கடைசி வளைவு தாண்டியதும் அவர் குருவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, கடவுளை நேருக்கு நேராப் பார்க்க முடியுங்களா? அடுத்தவங்க சொல்லிக் கேட்டே என் காலம் போயிருச்சு. எதையுமே என் கண்ணால பார்க்கோணும்."

"மொதல்ல அருவியைப் பார்ப்போம்," என்றார் மயிலம்மை. அவரும் இந்த அருவியைப் பார்த்ததில்லை. அவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

இறங்கியதும் மீன் வறுக்கும் வாசனை ஆளைத் தூக்கியது. நாச்சிமுத்து திரும்பியே பார்க்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வாங்க என்று கூப்பிட்டவர்களைக் கும்பிட்டு விலக்கிவிட்டு நேரே துறைக்கு நடந்தார். குரு பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பரிசல்காரர் மாதையன் பாரத்தைப் பார்த்து ஆட்களை உட்கார வைத்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் மயிலம்மையும் ஒரு பக்கம். அவர்களுக்கு எதிரே, போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாச்சிமுத்து ஒற்றை ஆளாக.

"நானும் அந்தப் பக்கம் வந்துரட்டுங்களா?"

"நீங்க வந்தா பரிசலும் அந்தப் பக்கமே வந்துடும்," என்றார் மாதையன். "பாறை இடுக்குல போறப்ப யாரும் திரும்பக் கூடாது. அகலத் தண்ணிக்குப் போனதும் நானே ஒரு சுத்து சுத்திக் காட்டறேன். எல்லாருக்கும் கிடைக்கும்."

பரிசல் இடுக்குக்குள் நுழைந்தது. இருபுறமும் பாறைச் சுவர். முதலில் சத்தம் கேட்டது. பிறகு நாச்சிமுத்துவின் பிடரியில் சாரல் அடித்தது. எதிரே இருந்த புதுப்பெண் "ஐயோ, ஐயோ!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை விசில் அடித்தான். மயிலம்மை வாயைத் திறந்தவர் மூடவே இல்லை.

கழுத்தை மட்டும் திருப்பியிருக்கலாம்தான். ஆனால் நாச்சிமுத்துவுக்குக் கழுத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருந்த கொஞ்சத்தையும் லைஃப் ஜாக்கெட் விழுங்கிவிட்டது. பொறுக்க முடியாமல் அவர் உடம்போடு திரும்பினார். பரிசல் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. புதுப்பெண் அலறினாள்.

"பெரியவரே! இன்னொரு தடவ அசைஞ்சா கரைக்கே திருப்பிடுவேன்!"

நாச்சிமுத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். காலடியில் தளும்பிய தண்ணீரையே பார்த்தபடி இருந்தார். எதிரே எல்லாரும் ஆனந்தமாகக் கூச்சல் போடுவது எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் காத்துக் கிடந்தவன் நான், நேற்று வந்தவர்களுக்கெல்லாம் முதலில் கிடைக்கிறதே என்று மனம் பொருமியது.

இடுக்கு முடிந்து ஆறு அகன்றது. மாதையன் துடுப்பை ஒரு பக்கமாக அழுத்தி இழுத்தார். பரிசல் ராட்டினமாகச் சுழன்று நின்றது.

அருவி அவருக்கு நேர் எதிரே இருந்தது. வானத்திலிருந்து கொட்டுகிறதோ என்று தோன்றும் வெள்ளை. அதற்குள்ளே பாதி வானவில். பாறையெல்லாம் அதிர்ந்தது, அவர் நெஞ்சும் அதிர்ந்தது.

"அம்மா! அம்மா!" என்று கத்தினார். குருவைக் கூப்பிட்டாரா, பெற்றவளைக் கூப்பிட்டாரா, அவருக்கே தெரியாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். அழுதார். அழும்போதே சிரித்தார்.

அருவி இப்போது மயிலம்மையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் திரும்பவே முயலவில்லை.

மாதையன் மறு சுற்றுக்குத் துடுப்பைப் போடும்போது கரையிலிருந்து விசில் வந்தது. தண்ணீர் ஏறுகிறது, திரும்பு என்று அர்த்தம். பரிசல் நேரே துறையைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

கரையேறியதும் நாச்சிமுத்து ஓரிடத்தில் இருக்கவில்லை. "பார்த்துட்டேன்! என் கண்ணால பார்த்துட்டேன்!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குச் சங்கடம் வந்தது.

"மொத பாதி எனக்கு வீணாப் போச்சுங்கம்மா. பின் பாதி உங்களுக்கு வீணாப் போச்சு. அந்த விசில் வராம இருந்திருந்தா உங்களுக்கும் முழுசாக் கிடைச்சிருக்கும்."

"எனக்கு வீணாகலைங்கண்ணா. நான் ரெண்டு தடவ பார்த்தேன்."

"முதுகைக் காட்டிட்டு உக்காந்திருந்தீங்களே. ரெண்டாந் தடவ எப்படிங்க பார்த்தீங்க?"

மயிலம்மை முந்தானையைப் பிழிந்துகொண்டே சிரித்தார்.

"நீங்க எதிர்ல உக்காந்திருந்தீங்களே, அண்ணா."