ஏழு நாள் பாடம் கேட்ட தலைப்பாகை

செங்கழுநீர்ப்பட்டணத்தில் ஒரு தலைப்பாகை அதிகாரியான கதை உங்களுக்குத் தெரியுமோ? தெரியாதா! அப்படியானால் சொல்லியே தீரவேண்டும்.

அந்த ஊர் ராஜா உத்தண்டராயரை ஒருநாள் ராணி பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். "உங்கள் அரண்மனையில் வேலை செய்கிற பெண்கள் நிம்மதியாக நடக்க முடியவில்லை. ஒருத்தன் கண்ணடிக்கிறான், ஒருத்தன் வேண்டுமென்றே இடிக்கிறான். பெரிய ராஜாவாம் ராஜா!"

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே தண்டோரா போட்டார். பெண்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஏழு நாள் பாடம். தினமும் காலையில் இரண்டு நாழிகை. ஆணோ பெண்ணோ, அரண்மனையில் வேலை செய்கிற எல்லோரும் வந்தாகவேண்டும். வராதவனுக்கு வேலை கிடையாது.

சொல்லிக்கொடுக்க வந்தவர் ராணியின் ஆசிரியை ஞானாம்பிகை அம்மாள். அடேயப்பா, முதல் நாள் என்ன புலம்பல்! "அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்குமே" என்றார்கள் சமையற்காரர்கள். "நாங்களெல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்" என்றார்கள் குதிரைக்காரர்கள். யானைப்பாகன் எழுந்து, "அம்மா, என்னுடையது பெண் யானை. வாடி கண்ணு என்று கூப்பிடலாமா?" என்று கேட்டான்.

"யானைக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள். காலடியில் நின்று கேள்" என்றார் அம்மாள்.

மண்டபமே சிரித்தது. பின்வரிசைப் பெண்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அந்தப் பெண்களே ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. யானைப்பாகன் அழுதேவிட்டான்.

முன்வரிசை மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அங்கே ஆள் இருந்தால்தானே! அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம். பெரிய அதிகாரிக்கு ஓரிடத்துக்கு வர ஒழியவில்லை என்றால் தாம்பாளத்தில் தன் தலைப்பாகையை அனுப்புவார். தலைப்பாகை வந்தால் அவரே வந்த மாதிரி. கணக்கர் ஓலையில் 'வந்தார்' என்று எழுதிவிடுவார். ஆக, முன்வரிசையில் ஏழு நாளும் பதினோரு தலைப்பாகைகள் வெகு அடக்கமாகப் பாடம் கேட்டன.

ஏழாம் நாள் பாடம் முடிந்த கையோடு சபைக்குள் ஒரு பெண் ஓடிவந்தாள். நெற்களஞ்சியத்தில் நெல் புடைக்கிற செம்பாயி. கையில் உடைந்த முறம்.

"மகாராஜா! களஞ்சிய அதிகாரி பூவராகர் இன்று என்னைப் பாடத்துக்குப் போகவிடாமல் நிறுத்திக்கொண்டு கையைப் பிடித்து இழுத்தார். ஆறு நாள் பாடத்தில் சொன்னபடி மூன்று தடவை 'வேண்டாம்' என்று உரக்கச் சொன்னேன். கேட்கவில்லை. முறத்தால் ஒன்று போட்டேன். அது பாடத்தில் இல்லை, நானாகச் செய்தது."

பின்னாலேயே பூவராகர் வந்தார். தலை வெறுந்தலை. கன்னம் மட்டும் நல்ல சிவப்பு.

"பொய்! அந்த நேரத்தில் நான் பாட மண்டபத்தில் இருந்தேன். ஓலையைப் பாருங்கள்."

"உன் தலைப்பாகைதானே இருந்தது?" என்றார் ராஜா.

"தலைப்பாகை இருந்தால் நான் இருந்ததாக அர்த்தம். வழக்கத்தைத் தாங்களே மறுக்கலாமா? தாங்கள் போருக்குப் போயிருந்தபோது ராணியம்மாவுக்குத் தாலி ஏறியது தங்கள் தலைப்பாகை முன்னால்தானே? அப்படியானால் அந்தக் கல்யாணம்..."

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. மாடத்தில் ராணி வேறு உட்கார்ந்திருக்கிறாள்! வழக்கம் செல்லும் என்றால் செம்பாயி பொய்க்காரி. அதிகாரி மேல் பொய்ப்பழி போட்டால் அன்று மாலைக்குள் ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள். செம்பாயிக்கும் அது தெரியும். ஆனாலும் முறத்தைக் கீழே போடவில்லை.

ராஜா பரிதாபமாக மந்திரி நல்லபெருமாளைப் பார்த்தார். இந்த நல்லபெருமாள் இருக்கிறாரே, ஆள் குள்ளம், குறும்போ கூரை உயரம்.

"பூவராகர் சொல்வதுதான் நியாயம், மகாராஜா" என்றார் நல்லபெருமாள்.

சபை திடுக்கிட்டது. பூவராகர் மீசையை முறுக்கினார்.

"தலைப்பாகை இருக்குமிடத்தில்தான் பூவராகர் இருக்கிறார். அப்படித்தானே ஐயா?"

"அப்படியேதான்!"

"வேறெங்கும் இல்லையே?"

"இல்லவே இல்லை!"

நல்லபெருமாள் கையைத் தட்டினார். காவலர் இருவர் ஒரு தாம்பாளத்தை மெதுவாகத் தூக்கிவந்தார்கள். அதில் பட்டுத் தலைப்பாகை. அதற்குள் அரண்மனைப் பூனை, அதன் மடியில் நான்கு குட்டிகள்!

"மகாராஜா, இதோ பூவராகர். இன்று பாடத்தின் நடுவில் இந்தப் பூனை இவர் மேல் ஏறிக் குட்டி போட்டது. பிரசவ வேதனையில் இருந்த ஜீவன்! இவர் தொடவில்லை, கிண்டல் பேசவில்லை, கண்ணடிக்கவில்லை. பாடத்தை இவ்வளவு ஒழுங்காகக் கற்றவர் உண்டா?"

"ஏழு நாளும் தூங்காமல் கேட்டவர் இவர்தான்" என்று ஞானாம்பிகை அம்மாளும் சாட்சி சொன்னார்.

"சரி, அப்படியானால் இது யார்?" என்று வெறுந்தலை ஆசாமியைக் காட்டினார் ராஜா.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்! பூவராகர் இங்கே பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் முகத்தை வைத்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் எவனோ நுழைந்திருக்கிறான். பாடமும் கேட்காதவன். கன்னத்தில் முறத்தின் அடையாளம்கூட இருக்கிறது. பிடியுங்கள்!"

"ஐயோ, நான்தான் பூவராகன்!" என்று அலறினார் அவர்.

"அப்படியானால் களஞ்சியத்தில் இருந்தது நீர்தான். எப்படி வசதி?" என்றார் நல்லபெருமாள்.

ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. மாடத்தில் ராணியும் சிரித்தாள். ராஜாவுக்கு அப்போதுதான் உயிரே வந்தது. வெறுந்தலை ஆசாமியைக் கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். தலைப்பாகையைப் பூனையும் குட்டிகளுமாக அப்படியே களஞ்சிய அதிகாரி ஆசனத்தில் வைத்தார்கள். செம்பாயிக்கு ராணியே ஒரு புது முறமும் கழுத்துச் சங்கிலியும் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து பாடம் திரும்ப நடந்தது. முன்வரிசையில் பத்து அதிகாரிகளும் நேரில் வந்து, இரண்டு கையாலும் தலைப்பாகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துக் களஞ்சியத்துப் பக்கம் வந்த ராஜா, "செம்பாயி, புது அதிகாரி எப்படி?" என்று கேட்டார்.

"தங்கமானவர் மகாராஜா" என்றாள் அவள். "தொந்தரவே இல்லை. எலித் தொந்தரவுகூட."