நீல நூல்

"டீச்சர், எனக்கு இது வராது. என்னை விட்ருங்க."

சொன்னது சுடலை. தென்காசியில லாரி ஓட்டுறவன், நாப்பத்தஞ்சு வயசு. பன்னிரண்டு பொம்பளைங்க படிக்கிற தையல் வகுப்புல அவன் ஒருத்தன்தான் ஆம்பளை. டீச்சர் சகாயராணிக்கு அவனைவிட இருபது வயசு குறைவு.

"ஏன் வராது?"

"மிஷின் ஒரு பக்கமா இழுக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். பிரிச்சுட்டு மறுபடி தைங்க அண்ணாச்சி."

பிரிச்சான். ஆறு வாரமா இதே கதைதான். பழைய லுங்கியை வெட்டிச் சுருக்கம் வச்சு, மேல இடுப்புப் பட்டி தைக்கணும். பட்டி ஒரு தடவைகூட நேரா உட்காரலை. பாதியிலயே டீச்சர் பிரிக்கச் சொல்லிருவா.

அவன் படிக்க வந்ததே ஒரு பாவாடைக்காகத்தான். மகள் மாடத்திக்காக அவன் பொண்டாட்டி பேச்சி வெட்டின மஞ்சள் பாவாடை. நீல நூலால பெரிசு பெரிசா ஓட்டுத்தையல் போட்டு, இழுத்துச் சுருக்கி, ரெண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருந்தா. மறுநாள் பட்டி வைக்கலாம்னு மடிச்சு வச்சவ, மறுநாள் எந்திரிக்கலை. அவ போய் ஏழு மாசம் ஆச்சு.

"அம்மா பாவாடை எப்பப்பா முடியும்?" மாடத்தி தினமும் கேப்பா.

முதல் நாளே டீச்சர் சொன்னா, "குடுங்க, பத்து நிமிஷத்துல தச்சுத் தாரேன்."

"அதுல அடுத்தவங்க கை படக் கூடாது."

பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம்.

ஏழாவது வாரம் லுங்கியில பட்டி நேரா ஓடுச்சு. டீச்சர் பாதியிலயே நிறுத்தினா.

"போதும். நாளைக்கு அதைக் கொண்டு வாங்க."

கொண்டு வந்தான். மெதுவா மிதிச்சுத் தச்சான். பட்டி சுத்தமா உட்கார்ந்துச்சு. அதுக்குக் கீழ நீல நூல் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.

டீச்சர் ஒரு பிளேடை அவன் முன்னால வச்சா.

"இப்ப இந்த நூலை உருவிருங்க."

"எதுக்கு?"

"சுருக்குறதுக்குப் போட்டது. அதோட வேலை முடிஞ்சுது."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"முடிச்சுப் போட்ட நூல் நீளாது அண்ணாச்சி. பிள்ள சம்மணம் போட்டு உட்கார்ந்தா துணிதான் கிழியும்."

அவன் பிளேடைத் தொடலை.

"அவ கை கடைசியாத் தச்சது இதுதான் டீச்சர். சேலை எல்லாம் குடுத்தாச்சு. இதையும் உருவிட்டா எனக்குன்னு அவ எங்க இருக்கா? சுருக்கம் பூரா அவுந்து போயிரும்."

டீச்சர் பாவாடையை எடுத்து அவன் மடியில போட்டுட்டு எதிர்ல உட்கார்ந்தா.

வகுப்பு முடிஞ்சு எல்லாரும் கிளம்பிப் போயிட்டாங்க. டீச்சர் எதிர்லயே உட்கார்ந்திருந்தா.

கடைசியில அவன் முடிச்சை அறுத்தான். கண்ணை இறுக மூடிக்கிட்டு மறு முனையைப் பிடிச்சு இழுத்தான். நூல் தடையில்லாம வந்துச்சு.

"பாருங்க அண்ணாச்சி."

"மாட்டேன்."

டீச்சர் பாவாடையை அவன் கைக்கு அடியில தள்ளினா. கண்ணைத் திறக்காமலே விரலால ஒவ்வொரு சுருக்கமாத் தடவினான். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினான். ஒண்ணுகூட அவுழலை. அவன் போட்ட பட்டித் தையல் எல்லாத்தையும் பிடிச்சு வச்சிருந்துச்சு.

ஏழு மாசமா அழாதவன் வாய்விட்டு அழுதான்.

"நிக்குதே டீச்சர். அவ இல்லாமலே நிக்குதே."