கோல் காத்த முயல்

கருவேலங்காட்டில் விலங்குகளுக்கு ஒரு கல்லூரி இருந்தது. அதில் படித்த முயல் தாவுராசாவைப் போல ஹாக்கி ஆட அந்தக் காட்டில் ஆளில்லை. குறை சொல்லவும் அவனைப் போல ஆளில்லை!

கோடையில் ஏரி வற்றியதும் அதன் காய்ந்த தரையில் போட்டிகள் தொடங்கும். வளைந்த புளியங்கொம்புதான் மட்டை. விளாங்காய்தான் பந்து. இரண்டு கறையான் புற்றுகளுக்கு நடுவே போனால் கோல். மழை வந்து ஏரி நிறைவதற்குள் எந்தக் கல்லூரி கோப்பையை வெல்கிறதோ, அடுத்த கோடைவரை காடெங்கும் அதன் பேச்சுத்தான்.

அந்த வருடம் கருவேலங்காட்டு அணி தொடக்கத்திலேயே தோற்றது. மறுபடியும் தோற்றது. தோற்றுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தாவுராசா, கோல் காக்கும் உடும்பு மாடக்கண்ணு மேல் பாய்வான்.

"டேய்! அவ்வளவு பெரிய விளாங்காய் உருண்டு வருது, உனக்குத் தெரியலையா? வாயைப் பிளந்துகிட்டு நிக்கறே!"

"முன்னால நீ பந்தைக் கோட்டை விட்டுட்டு, இங்க வந்து கத்தறியா?" என்று மாடக்கண்ணு சீறுவான்.

அணித்தலைவி கீரி பவளக்கொடியும் வாய்க்குக் குறைந்தவள் அல்ல. "நீ மட்டுமே பந்தை வச்சுக்கிட்டு ஓடுறே தாவுராசா! எனக்குத் தரவே மாட்டேங்கறே!" என்று தன் பங்குக்கு ஏசுவாள். எதிரணியினர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஒருநாள் பவளக்கொடிக்கே வெறுத்துப்போய்விட்டது.

"இனிமே ஒரே சட்டம்! யார் யாரைக் குறை சொல்றாங்களோ, மறுநாள் பயிற்சியில அவங்க இடத்துல நின்னு ஆடணும். நானும் சேர்த்துத்தான்!"

மறுநாளே தாவுராசா புற்றுகளுக்கு நடுவே நின்றான். வாய் சும்மா இருந்தால்தானே! முதல் விளாங்காய் அவன் மூக்கில் பட்டது. அடுத்தது வயிற்றில். அதற்கடுத்தது வரும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டான். அது அவன் காதுகளுக்கு நடுவே பறந்து கோலுக்குள் போனது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவனைத் திட்டிய குற்றத்துக்காக அன்று முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த மாடக்கண்ணு, மூச்சு வாங்க அருகே வந்தான்.

"உன் இடத்துல ஓடினா நாக்குத் தள்ளுது ராசா! இங்க பாரு. அடிக்கறவனைப் பார்க்காதே, அவன் ஏமாத்துவான். பந்தையே பாரு. கண்ணை மட்டும் மூடிடாதே."

தாவுராசாவின் வாய் அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை. அதனால் அவன் கோலில் நின்ற நாட்களும் அதிகம். நாளாக ஆக மூக்கு வீங்கியது, வாய் சுருங்கியது. பவளக்கொடியும் அவன் இடத்தில் ஓடி ஓடி, பந்தைத் தராத கோபத்தை மறந்தாள். யாருக்கு எங்கே மூச்சு முட்டும், யாருக்கு எப்போது கை எட்டாது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அப்புறம் என்ன! தோற்ற அணி வென்றது. மறுபடியும் வென்றது. காடே மூக்கின் மேல் விரல் வைத்தது. கல்லூரி தோன்றிய நாளிலிருந்து முதல்முறையாக அரையிறுதிக்கு வந்தார்கள். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வென்றால் இறுதிப் போட்டி.

எதிரே நின்றது பாறைமேட்டுக் கல்லூரி. அதன் தலைவன் நரி சூரப்பன். கோடைத் தொடக்கத்தில் இவர்களைத் தோற்கடித்து, இவர்கள் போட்ட சண்டையையும் ரசித்துப் பார்த்தவன்.

இடைவேளையில் ஆளுக்கு ஒரு கோல். சூரப்பன் தன் தோழன் ஓநாயிடம் கிசுகிசுத்தான்.

"அந்த உடும்பைச் சாய்ச்சாப் போதும். மிச்சத்தை முயலோட வாயே பார்த்துக்கும்!"

பிறகு ஒரு கூடை நிறையக் காடை முட்டைகளோடு மாடக்கண்ணுவிடம் போனான்.

"எதிரணியா இருந்தா என்ன அண்ணே! நல்ல ஆட்டக்காரருக்கு மரியாதை செய்யணும்ல? சாப்பிடுங்க!"

முட்டையைக் கண்டால் உடும்புக்கு உலகமே மறந்துபோகும். கூடை காலியானது. நடுவர் நாரையார் ஊதல் ஊதியபோது மாடக்கண்ணுவின் வயிறு தரையில் இடித்தது. எழுந்தான், தள்ளாடினான், சாய்ந்தான்.

"ஐயோ! அசையவே முடியலையே!"

எல்லோரும் தாவுராசாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சூரப்பன் இளித்தபடி காத்திருந்தான்.

தாவுராசாவுக்கு உள்ளே கொதித்தது. "வயித்துக்காக ஆட்டத்தையே வித்துட்டியேடா!" என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது மாடக்கண்ணுவின் கண்களைப் பார்த்தான். அவை கலங்கியிருந்தன. கோலில் நின்ற முதல் நாள் தன் கண்களும் இப்படித்தான் கலங்கின என்று அவனுக்கு நினைவு வந்தது. அன்று தன்னைப் பார்த்துச் சிரிக்காதவன் இவன்தான்.

வந்த பேச்சை விழுங்கினான்.

"நீ போய் நிழல்ல படு, மாடா. நான் நிக்கறேன். பவளக்கொடி அக்கா, என் இடத்துக்கு நீங்க போங்க!"

சூரப்பனின் இளிப்பு மறைந்தது.

அதன்பின் தாவுராசா ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல! மட்டையால் தடுத்தான், முழங்காலால் தடுத்தான், ஏற்கெனவே வீங்கிய மூக்காலும் தடுத்தான். ஆட்டம் முடியும் நேரம் சூரப்பன் பந்தோடு தனியாக வந்துவிட்டான். கண்ணை இடப்பக்கம் காட்டினான், உடம்பையும் இடப்பக்கம் வளைத்தான், வலப்பக்கம் ஓங்கி அடித்தான்.

தாவுராசா அவன் கண்ணையும் பார்க்கவில்லை, உடம்பையும் பார்க்கவில்லை. பந்தையே பார்த்தான். வலப்பக்கம் பாய்ந்து பின்னங்காலால் விட்டான் ஒரு உதை!

விளாங்காய் ஏரியின் பாதிக்கு மேல் பறந்தது. தாவுராசா எங்கே நின்றிருப்பானோ, சரியாக அங்கே பவளக்கொடி நின்றாள். ஒரே அடி. கோல்! நாரையார் ஊதலை ஊதிவிட்டார்.

ஏரிக்கரையே அதிர்ந்தது. தோழர்கள் ஓடிவந்து தாவுராசாவைத் தூக்கினார்கள்.

"என்னை விடுங்கடா! பந்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவன் மாடன். முதல்ல அவனைத் தூக்குங்க!" என்று அவன் கத்தினான்.

தூக்கத்தான் முடியவில்லை. அத்தனை முட்டைகள்! அதனால் அணி முழுவதும் நிழலுக்குப் போய் மாடக்கண்ணுவைச் சுற்றி உட்கார்ந்து, வெற்றியை அங்கேயே கொண்டாடியது.

அடுத்தவர் இடத்தில் நின்று பார்த்தவருக்குக் குறை சொல்ல வாய் வராது. கை கொடுக்கத்தான் மனம் வரும்.