நேர்ந்து விட்ட குட்டி

ஒரு ஊர்ல ஒரு முற்றம், அந்த முற்றத்துல ரெண்டு அடுப்பு. ஒண்ணு மூத்த மருமக பவளாயிக்கு, இன்னொண்ணு இளைய மருமக சிட்டாளுக்கு. ம் கொட்டு, அப்பத்தான் கதை நகரும்.

அந்த வீட்டு வெள்ளாடு ரெண்டு பெட்டைக்குட்டி போட்டுச்சு. மாமியார் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. பவளாயி வாசல்ல முளை அடிச்சு, புதுக்கயிறு திரிச்சுக் கட்டி வளர்த்தா. ஒரு மாசத்துல அவ குட்டி செத்துப்போச்சு. சிட்டாள் குட்டி மட்டும் துள்ளித் துள்ளி வளர்ந்துச்சு. சிட்டாள் "ப்பே ப்பே"ன்னா போதும், தடதடன்னு ஓடிவரும்.

பவளாயியும் கொழுந்து வேப்பிலையைக் காட்டிக் கூப்பிட்டுப் பார்த்தா. குட்டி வந்து மோந்து பார்க்கும், இலையை வாய்ல வாங்கிக்கும், சிட்டாள் பக்கத்துல போய் நின்னு தின்னும்.

"இலை இங்க, உறவு அங்க"ன்னு மாமியார் சிரிப்பாங்க.

"அதுக்கு என் வாசம் பிடிச்சிருக்கு அக்கா, நான் என்ன பண்ணட்டும்?"னு சிட்டாளும் சிரிப்பா. பவளாயிக்கு வயிறு திகுதிகுன்னு எரியும்.

அப்புறம், மாசி மாசம் மாமியாருக்குக் கடுங்காய்ச்சல். ஏரிக்கரைச் சாமி முன்னால எல்லாரும் போய் நின்னாங்க. அப்போ பவளாயி வாயில வந்துருச்சு. "அத்தை எந்திரிச்சிட்டா, சிட்டாள் குட்டியை உனக்கு விட்டுர்றோம்."

சிட்டாள் சட்டுனு திரும்பிப் பார்த்தா. ஆனா அத்தை உசுருன்னு வந்த பிறகு எப்படி மாட்டேம்பா?

மூணாம் நாள் அத்தை எந்திரிச்சு உட்கார்ந்து கஞ்சி கேட்டாங்க.

அதுவரைக்கும் அந்த ஊர்ல சாமிக்குன்னு எதையும் ஒதுக்கி வச்சதே இல்ல. பொங்குவாங்க, காட்டுவாங்க, தாங்களே தின்னுட்டு வந்துருவாங்க. அதனால ஊர்ப் பெரியவர் கேட்டார், "விடுறதுன்னா என்னம்மா? வெட்டிப் படைக்கிறதா?"

"ஐயோ, வெட்டக் கூடாது."

"பின்னே?"

பவளாயி யோசிச்சு யோசிச்சுச் சொன்னா. "இனி இதை யாரும் கட்டக் கூடாது." சிட்டாள் குட்டி கழுத்துக் கயித்தை அவுத்தா. "யாரும் கூப்பிடக் கூடாது." சிட்டாள் வாயைப் பொத்திக்கிட்டா. "எங்க மேஞ்சாலும் விரட்டக் கூடாது." இதைச் சொல்லும்போது பவளாயி நினைப்பெல்லாம் சிட்டாளோட அவரைப்பந்தல் மேலதான்.

தூங்கிட்டியா? ம், சரி.

மறுநாள் குட்டி சிட்டாள் வாசல்ல நின்னு "ம்மே"ன்னுச்சு. சிட்டாள் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள அழுதா. அந்த அழுகை பவளாயி காதுக்கு இனிச்சுது. அப்போ குட்டி என்ன பண்ணுச்சு? அவரைப்பந்தலைத் திரும்பிக்கூடப் பார்க்கல. நேரா பவளாயி கீரைப்பாத்திக்கு வந்துச்சு. கறுக் முறுக், கறுக் முறுக். பாத்தி காலி. விரட்ட முடியுமா? அவளே சொன்ன சொல்லாச்சே.

ரெண்டாம் நாள் பவளாயி பாயில காயப்போட்ட கேழ்வரகு காலி. "சாமிக்கு நல்ல பசி போல"ன்னாங்க மாமியார்.

மூணாம் நாள் குட்டி எதையும் திங்கல. செத்த குட்டியைக் கட்டின முளையைப் பவளாயி இன்னும் பிடுங்கியிருக்கல. கயித்தைக்கூட அவுக்கல. இந்தக் குட்டி அந்த முளையை மோந்துச்சு. கூடப்பொறந்ததோட வாசம் போல. கன்னத்தை அதுல தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டு, பொத்துன்னு பவளாயி காலடியில படுத்துருச்சு.

இதுக்குத்தானே அவ அத்தனை நாள் ஏங்கினா. கை தானா கயித்துக்குப் போச்சு. கட்டக் கூடாது. "ப்பே"ன்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. கூப்பிடக் கூடாது. நிமிர்ந்து பார்த்தா, எதிர் வாசல்ல சிட்டாள். அவ கண்ணுல இருந்ததைப் பவளாயி உடனே அடையாளம் கண்டுக்கிட்டா. அத்தனை நாளும் இவ கண்ணுல குடியிருந்ததுதான் அது.

பவளாயி கயித்துலேர்ந்து கையை எடுத்துட்டுச் சொன்னா.

"கட்டக் கூடாது, கூப்பிடக் கூடாதுன்னுதான் சொன்னேன். பக்கத்துல வந்து உட்காரக் கூடாதுன்னு நான் சொல்லலையே."

சிட்டாள் வந்து குட்டிக்கு அந்தப் பக்கமா உட்கார்ந்தா.

அதுலேர்ந்துதான் அந்த ஊர்ல நேர்ந்து விடுறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. நேர்ந்து விட்டதுன்னா எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல, ஆனா ரெண்டு பேரும் பக்கத்துல உட்காரலாம்.

அப்பவும் பவளாயி ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டேதான் இருந்தா, குட்டி யார் பக்கம் தலை சாய்க்குதுன்னு. சிட்டாளும்தான்.

யார் பக்கமா?

அது நடுவுலயே தூங்கிருச்சு. கதையும் அதுகூடப் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு.